ஆய்வகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே

நம் கிளை அமைந்துள்ள ரிச்சர்ட்ஸ் டவுன் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடமன்று. ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்றிய மரநிழல் வீதிகள், பழைய பங்களாக்கள் இருந்த மனைகளில் எழுந்துவிட்ட அடுக்குமாடி வீடுகள், கன்டோன்மென்ட் காலந்தொட்டு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் என அமைதியான குடியிருப்பு இது. ஆயினும் நாட்டின் பெரும் ஆய்வகங்கள் சில இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. 1909ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம், வானூர்தித் துறைக்கான தேசிய ஆய்வகம், மனநல மருத்துவத்தில் முன்னிற்கும் நிம்ஹான்ஸ் ஆகியவை இதே நகரின் எல்லைக்குள் உள்ளன. மாலை நேரத்தில் தள்ளுவண்டியை நிறுத்திக் காய்கறி விற்பவரும், ஒற்றை அறையில் தையல் இயந்திரத்தை ஓட்டிப் பிழைப்பவரும் அதே எல்லைக்குள்தான் வாழ்கிறார்கள். முன்னவர்கள் கண்டுபிடிப்பது பின்னவர்களின் கைக்கு ஏன் இத்தனை தாமதமாக வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

இக்கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படும் பணம் போதவில்லை என்பது ஒன்று. ஏழைகளுக்குத் தரப்படும் மானியம் போதவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. நம் நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. ஆனால் வங்கித் தொழிலில் இருக்கும் நமக்கு மூன்றாவது விடை ஒன்றும் தென்படுகிறது. கண்டுபிடித்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே, அப்பொருளைச் செய்து, விற்று, பழுதுபார்த்து, ஆண்டுக்கணக்கில் அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் ஒரு தொழில் வேண்டும். அந்தத் தொழிலுக்கும் அதன் வாடிக்கையாளருக்கும், அவரவர் வருவாயின் போக்குக்கு ஏற்ற கடன் வேண்டும். அறிவும் இரக்கமும் குறைவின்றி இருந்தும் நல்ல கண்டுபிடிப்புகள் பல நடுவழியில் நின்றுபோனதற்கு இக்கடன் இல்லாமற்போனது ஒரு பெரிய காரணம் என்பதே நம் கருத்து.

எளியோரின் ஒரு குறையைத் தீர்ப்பதையே தொழிலாக ஏற்று, அத்தொழிலின் வருவாயைக் கொண்டே நிலைத்து நிற்க முயலும் அமைப்பைச் சமூகத் தொழில் நிறுவனம் என்கிறோம். நன்கொடையை மட்டும் நம்பியிருக்கும் தொண்டு அமைப்பிலிருந்தும், இலாபத்தை மட்டும் நோக்கும் வணிகத்திலிருந்தும் அது வேறுபட்டது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையே அதற்கு வங்கி வாசலில் இடையூறாகிவிடுகிறது. தொண்டு என்று சொன்னால் கடன் எதற்கு என்று கேட்கிறோம். தொழில் என்று சொன்னால் பிணை எங்கே என்று கேட்கிறோம்.

அடுப்பு கற்பித்த பாடம்

1974ஆம் ஆண்டு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமூல்ய குமார் ரெட்டி ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினார். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் ஊரகத்துக்குப் பயன்படுத்துதல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'அஸ்த்ரா' என்று பெயரிட்டார்கள். மின்வேதியியலில் உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞர், தும்கூர் மாவட்டத்தின் உங்க்ரா கிராமத்தில் மையம் அமைத்து, ஊர்மக்கள் எதை எரித்துச் சமைக்கிறார்கள், பெண்கள் விறகுக்காக எத்தனை நேரம் நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது அக்காலத்தில் புதுமை. கிராமம் பயன்படுத்தும் ஆற்றலில் மிகப் பெரும் பங்கு சமையல் விறகே என்பதையும், அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே என்பதையும் அந்த ஆய்வுகள் எண்களில் காட்டின.

அந்த ஆய்விலிருந்து விறகை மிச்சப்படுத்தும் புகைபோக்கி அடுப்பு வந்தது. சுட்ட செங்கல்லுக்கு மாற்றாக அழுத்திச் செய்த மண்கட்டிகள் வந்தன. புரா என்னும் சிற்றூரில் சாண எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்து வீடுகளுக்கு விளக்கும் குழாய்நீரும் தந்த ஏற்பாடு 1980களின் பிற்பகுதியில் செயற்பட்டது. இவையனைத்தும் எளிய மக்களுக்காகவே பிறந்த கண்டுபிடிப்புகள். எங்கோ வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்தவை அல்ல.

அதே பத்தாண்டில், பல ஆய்வகங்கள் உருவாக்கிய மேம்பட்ட அடுப்புகளை நாடெங்கும் பரப்பும் தேசியத் திட்டமொன்றை மத்திய அரசு மேற்கொண்டது. 2002ஆம் ஆண்டு முடிவுக்கு வரும்வரை அத்திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எண்ணிக்கை மலைக்க வைப்பது. ஆனால் அவற்றுள் பெருந்தொகையானவை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் எடுத்துரைத்தன. புகைபோக்கியில் கரி அடைத்தால் எடுத்துத் தர ஆளில்லை. மண் விரிசல் கண்டால் பூசித் தர ஆளில்லை. அடுப்பை அமைப்பதற்கு மானியம் இருந்தது. அமைத்த அடுப்பு அடுத்த ஆண்டும் எரிவதால் வருமானம் பெறுபவர் எவரும் இருக்கவில்லை.

இதில் ஆராய்ச்சியைக் குறை கூறுவதற்கில்லை. மானியம் தந்தவர்களின் நல்லெண்ணத்தையும் ஐயுறுவதற்கில்லை. பொருளைக் கொடுப்பதுடன் கொடுப்பவரின் கடமை முடிந்துவிடும் ஏற்பாட்டில், பொருளின் ஆயுளுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதே இது கற்பிக்கும் பாடம்.

விளக்கைக் கொண்டுவந்த தவணை

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலம் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அது விண்கலத்தில் ஏறிவிட்டது. கர்நாடகத்தின் மின்சாரமற்ற ஒரு குடிசைக்குள் நுழைய அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

அந்த நுழைவுக்கு வழி செய்தவற்றுள் முதன்மையானது 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செல்கோ நிறுவனம். அதன் தோற்றுநர்களுள் ஒருவரான ஹரீஷ் ஹந்தே, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 2011ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருது பெற்றவர். சூரிய விளக்கில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதும் பெரிதாக எஞ்சியிருக்கவில்லை என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் ஒரு குடும்பம் நாள்தோறும் கொடுத்துவந்த காசைச் சேர்த்துப் பார்த்தால், சில ஆண்டுகளில் அது ஒரு சூரிய விளக்கின் விலையாகிவிடும். ஆனால் அந்த விலையை ஒரே நாளில் எடுத்து வைக்க அக்குடும்பத்தால் இயலாது. அவர்களிடம் இல்லாதது பணமன்று, மொத்தமாகப் பணம்.

தெருவோர வியாபாரி ஒருவர் தம்மிடம் கூறியதாக ஹந்தே பல மேடைகளில் எடுத்துரைத்துள்ள செய்தி ஒன்றுண்டு. மாதம் முந்நூறு ரூபாய் தமக்குப் பெருஞ்சுமை என்றும், நாளுக்குப் பத்து ரூபாய் என்றால் தமக்கு எளிது என்றும் அவர் சொன்னாராம். கணக்கில் இரண்டும் ஒன்றே. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவிடுபவரின் வாழ்க்கையில் இரண்டும் வேறு. மாதச் சம்பளம் வாங்கும் நாம் வகுத்த தவணை முறை நமக்கே பொருந்துவது. அவருக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பூ விற்பவருக்கு நாள்தவணை, பட்டுப்புழு வளர்ப்பவருக்குக் கூடு விற்றபின் தவணை, நெல் விளைவிப்பவருக்கு அறுவடைக்குப்பின் தவணை என்று கடனை வருவாயின் தாளத்துக்கு ஏற்ப அமைத்துக்கொடுத்தால், பிணையில்லாதவரும் நேர்மையாகத் திருப்பிச் செலுத்துவார் என்பதைக் கர்நாடகத்தின் கிராமிய வங்கிகள் கண்டறிந்தன. தார்வாடைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மலப்பிரபா கிராமிய வங்கி, சூரிய விளக்குக்குக் கடன் கொடுக்கத் தொடக்கத்திலேயே முன்வந்தவற்றுள் ஒன்று.

இதன் தொடர்ச்சியாக 2003ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், கனரா வங்கியுடனும் சிண்டிகேட் வங்கியுடனும் இணைந்து சூரிய விளக்குக் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். விளக்கின் விலையைக் குறைக்க அங்கே பணம் கொடுக்கப்படவில்லை; வட்டியின் ஒரு பகுதியை ஏற்க மட்டுமே கொடுக்கப்பட்டது. அதுவும் நிரந்தரமாக அன்று. தொடக்கத்தில் ஐந்து விழுக்காட்டளவில் இருந்த வட்டி படிப்படியாக உயர்ந்து, இறுதியில் உதவி முற்றிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடனில் விளக்கேற்றிவிட்டன. அத்துடன், இவ்வகைக் கடனை எப்படி மதிப்பிடுவது என்பது நூற்றுக்கணக்கான கிளைகளின் அலுவலர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. உதவி விலகிய பிறகும் பழக்கம் விலகவில்லை.

இவை நம் போட்டி வங்கிகள்தாமே என்று சிலர் எண்ணலாம். நல்ல முன்மாதிரியை எந்த வாசலிலிருந்தும் கற்கலாம் என்பதால் அவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

வங்கியும் ஒரு கண்டுபிடிப்பே

புதுமை என்றவுடன் ஆய்வகத்தையும் இயந்திரத்தையும் மட்டுமே நினைப்பது நம் வழக்கம். கடனும் சேமிப்பும் கூடக் கண்டுபிடிக்கப்பட்டவையே. 1925ஆம் ஆண்டு உடுப்பியில் உபேந்திர அனந்த பை, டாக்டர் டி. எம். ஏ. பை, வாமன் குட்வா ஆகிய மூவர் எட்டாயிரம் ரூபாய் முதலில் ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கைத்தறித் தொழில் நலிந்து தவித்த அவ்வட்டார நெசவாளர்களுக்கு உதவுவது அதன் நோக்கம். அந்நிறுவனமே பின்னாளில் சிண்டிகேட் வங்கி ஆயிற்று. இன்றைய சொல்லில் கூறுவதானால், அது பிறக்கும்போதே ஒரு சமூகத் தொழில் நிறுவனம்.

1928ஆம் ஆண்டு அவ்வங்கி பிக்மி வைப்பு என்னும் சேமிப்பு முறையை அறிமுகப்படுத்தியது. வங்கியின் முகவர் நாள்தோறும் வீட்டுக்கும் கடைக்கும் சென்று இரண்டணா வரையிலான சிறு தொகையையும் வாங்கிக் கணக்கில் சேர்ப்பார். மக்கள் வங்கியைத் தேடி வரவேண்டும் என்ற வழக்கத்தை அது தலைகீழாக்கியது. சேமிக்க வசதியில்லாதவர் என்று கருதப்பட்டவர்களின் காசு பெருமூலதனமாகத் திரண்டது. அந்த வங்கி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் கனரா வங்கியுடன் இணைந்துவிட்டது. ஆனால் நாள்தோறும் வாசலுக்குச் சென்று சிறுதொகை வாங்கும் வழக்கம் கர்நாடகத்தின் கடைவீதிகளில் இன்றும் தொடர்கிறது. நாளுக்குப் பத்து ரூபாய் கேட்ட அந்தத் தெருவோர வியாபாரிக்கான விடை, அவர் கேட்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது.

மதுரை காட்டிய வழி

கடனுக்கு முன்னதாக வங்கியாளர் தேட வேண்டிய மற்றொன்று உண்டு. அது உறுதியான தேவை. இதற்கு மதுரையைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரியாது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பத்தாரின் சேமிப்பைத் திரட்டியும் வீட்டை அடமானமாக வைத்தும் எழுந்த மருத்துவமனை அது. கட்டணம் செலுத்துபவர்களிடம் பெறும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதவர்களுக்கும் அறுவை செய்யும் முறை அங்கே நிலைபெற்றது.

கண்புரை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றின் விலை நூறு டாலரளவுக்கும் மேல். அதனால் ஏழை நோயாளிகள் வில்லையின்றித் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடியுடன் வீடு திரும்பினார்கள். 1992ஆம் ஆண்டு அரவிந்த் குழுமம் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, வில்லை செய்யும் தொழில்நுட்பத்தைப் பெற்று, மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலரளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லைகள் செல்கின்றன.

ஆரோலேப் வெற்றிபெற்றதன் காரணத்தை வங்கியாளரின் கண்ணோடு பார்ப்போம். முதல் வில்லை வெளிவரும் முன்பே அதை வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார். எத்தனை தேவை, எந்தத் தரத்தில் தேவை, எந்த விலையில் கட்டுப்படியாகும் என்பது அரவிந்த் மருத்துவமனைக்குத் தெளிவாகத் தெரியும். கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் நிலப் பத்திரத்தைவிட, அத்தகைய உறுதியான கொள்முதல் ஆணை வலிமையான பிணை. நிலத்தை விற்றுக் கடனை மீட்பது தோல்விக்குப் பின் செய்வது. கொள்முதல் ஆணை தோல்வியையே தடுக்க வல்லது.

நம் பகுதிக்கு அருகில்

இவையெல்லாம் கடந்தகாலக் கதைகள் என்று ஒதுக்கிவிடலாகாது. நம் கிளைக்கு அடுத்த லிங்கராஜபுரத்தில், 1959ஆம் ஆண்டு என். எஸ். ஹேமா தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் அமைப்பான ஏ.பி.டி. இயங்கிவருகிறது. அங்கே தொழிற்பயிற்சி பெற்று வேலை தேடும் ஒருவருக்குத் திறன் இருக்கும். வேலை செய்யும் இடம் வரை போய்வர வழி இராது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான ஆய்வு மையம் இக்குறையை ஆராய்ந்து, பயன்படுத்துபவரின் உடலளவுக்கு ஏற்பச் செய்யும் சக்கர நாற்காலியையும், அதன் முன்புறம் பொருத்திச் சாலையில் ஓட்டிச் செல்லும் மின்விசை இணைப்பையும் உருவாக்கியது. நியோமோஷன் என்னும் நிறுவனம் அவற்றைச் செய்து விற்கிறது. நியோபோல்ட் எனப்படும் அந்த இணைப்பு 2021ஆம் ஆண்டு அறிமுகமானபோது அதன் விலை சுமார் 55,000 ரூபாய்; ஒருமுறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர் வரை செல்லும் என்றார்கள்.

ஐம்பத்தையாயிரம் என்றவுடன் பலரும் நன்கொடையாளரைத் தேடுவார்கள். நாம் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாயை ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாகக் கொடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,640 ரூபாய் ஆகும். நாளுக்குப் பகுத்தால் 55 ரூபாய். இந்நகரில் ஆட்டோவில் ஒருமுறை போய்வரும் செலவே அதைத் தாண்டிவிடும். வண்டி கையில் இருந்தால் அவர் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கலாம், சிறுகடைக்குச் சரக்கு எடுத்துவரலாம், அலுவலகத்துக்கு நேரத்தில் செல்லலாம். எனவே இது நுகர்வுக் கடன் என்னும் பெயருக்குப் பொருந்தாது. வருவாயைத் தோற்றுவிக்கும் கடன் இது. மாற்றுத்திறனாளிகளின் தொழிலுக்குக் கடனளிக்கவென்றே 1997ஆம் ஆண்டு தேசிய நிதிக் கழகமொன்று அமைக்கப்பட்டிருப்பதும், பொதுத்துறை வங்கிகள் வழியாகவும் அக்கடன் வழங்கப்படுவதும் பலருக்குத் தெரிவதில்லை. நன்கொடையாளர் ஒருவர் ஐந்து வண்டிகளை வழங்கும் தொகையை, கடனின் முன்பணத்துக்கும் முதல் சில மாதத் தவணைக்கும் ஈடாக வைத்தால், அத்தொகை ஐவருக்குப் பதிலாகப் பலருக்குப் பயன்படும்.

எங்கே கொடை, எங்கே கடன்

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறியாக வேண்டும். வங்கியில் இருப்பது வைப்பாளர்களின் பணம். ஓய்வூதியம் பெறும் முதியவரின் நிரந்தர வைப்பும் அதில் உண்டு. சோதனை முயற்சிகளுக்கு அதை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாகாது என்பதே நம் உறுதியான கருத்து. பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத கட்டத்தில் தேவைப்படுவது கொடை, கடன் அன்று. அதற்கு வழிகள் உள்ளன. 2012ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பைராக் நிறுவனம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் புதிய கருத்துகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை நல்கை அளிக்கிறது. 2021ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம், மாதிரிப் பொருள் செய்யும் கட்டத்துக்கு உதவுகிறது. பெங்களூரின் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் அறிவியல் கழகத்திலும் தொழில்முனைவோரை வளர்த்தெடுக்கும் மையங்கள் உள்ளன. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, சட்டம் குறிக்கும் அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்; அதுவும் இக்கட்டத்துக்கு ஏற்ற பணமே.

பொருள் பலிக்கிறது, வாங்குவோர் இருக்கிறார்கள், ஆனால் நூறு செய்யும் இடத்தில் ஆயிரம் செய்ய முதல் இல்லை என்ற நிலை வந்ததும் கொடையின் வேலை முடிந்து கடனின் வேலை தொடங்குகிறது. கொடை வழங்குபவர்கள் தம் எல்லையில் நின்றுவிடுகிறார்கள். வங்கி தன் எல்லையிலிருந்து நகர்வதில்லை. நடுவிலுள்ள பள்ளத்தில்தான் சமூகத் தொழில் நிறுவனங்கள் விழுகின்றன.

வங்கி ஏன் நகர்வதில்லை என்பதை வெளிப்படையாகப் பேசுவோம். கடனை மறுத்த அலுவலரிடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை. கொடுத்த கடன் வாராக்கடன் ஆனால் விளக்கம் கேட்பவர் பலர். இந்நிலையில் மறுப்பதே பாதுகாப்பு என்று அலுவலர் எண்ணுவது இயல்பே. மறுக்கப்பட்ட நல்ல கடனால் ஊருக்கு நேர்ந்த இழப்பு எந்த ஐந்தொகையிலும் பதிவாவதில்லை. நேர்மையாக ஆராய்ந்து கொடுத்த கடன் வியாபாரக் காரணத்தால் நலிந்ததற்கும், கண்மூடிக் கொடுத்ததற்கும் வேறுபாடு காணும் விசாரணை முறை வலுப்பெற்றாலன்றி இந்நிலை மாறாது.

கருவிகள் இல்லாமலில்லை. மத்திய அரசும் சிட்பி வங்கியும் 2000ஆம் ஆண்டு நிறுவிய கடன் உத்தரவாத அறக்கட்டளை, குறு, சிறு தொழில்களுக்கு அளிக்கும் பிணையில்லாக் கடனின் பெரும்பகுதிக்குப் பொறுப்பேற்கிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கடனை ரிசர்வ் வங்கி 2015ஆம் ஆண்டு முன்னுரிமைத் துறையில் சேர்த்தது. குறைவது இவற்றைப் பயன்படுத்தும் துணிவும், அத்தொழிலை நேரில் சென்று புரிந்துகொள்ளும் நேரமும்தான்.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்பொறுப்பு வங்கியுடையது மட்டுமன்று. ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உண்டு, கணக்காய்வாளர்கள் உண்டு, பள்ளி நிர்வாகிகள் உண்டு, குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள் உண்டு. ஒரு புதிய நிறுவனத்துக்குப் பணத்தைவிட அரிதானது முதல் வாடிக்கையாளர். குடியிருப்பின் ஈரக்கழிவை உரமாக்கும் ஏற்பாடானாலும், பள்ளியின் சூரிய மின்னமைப்பானாலும், தகுதியுள்ள சமூகத் தொழில் நிறுவனத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தால், அந்தத் தாள் அதன் கடன் விண்ணப்பத்தில் பிணையாக நின்று பேசும்.

பணமாக உதவ விரும்புவோர்க்குச் சமூகப் பங்குச் சந்தை என்னும் புதிய வழியும் திறந்துள்ளது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த உன்னதி பவுண்டேஷன் தேசியப் பங்குச் சந்தையின் இப்பிரிவில் முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது. ஆனால் அங்கே இலாப நோக்கற்ற அமைப்புகள் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. சந்தை என்ற சொல்லைக் கண்டு முதலீடு என்று எண்ணிவிட வேண்டாம்; அது கணக்கு ஒழுங்குடன் அளிக்கும் நன்கொடை. அவ்வாறு தெளிந்து கொடுப்பது நல்லது.

இத்தகைய தொழில் நடத்துவோரை அறிந்தவர்கள், அவர்களிடம் மூன்று தாள்களைத் தயார் செய்யுமாறு சொல்லுங்கள். பொருளை வாங்க ஒப்புக்கொண்டவர் யார், எத்தனை என்பது முதல் தாள். விற்ற பொருள் பழுதானால் எவர், எத்தனை நாளில், யார் செலவில் சரிசெய்வார் என்பது இரண்டாவது. எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் வராது என்பது மூன்றாவது. நன்கொடைக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் தனித்தனியே வைத்திருந்தால் இன்னும் நன்று. நிலப் பத்திரம் இல்லாவிடினும் இம்மூன்றும் இருந்தால், ஒரு வங்கி அலுவலர் அந்தத் தொழிலைப் பொறுப்புடன் மதிப்பிட இயலும்.

அடுப்பைக் கொடுத்துவிட்டுச் சென்றவர்கள் திரும்பி வரவில்லை. விளக்குக்குக் கடன் கொடுத்தவர் தவணை வாங்கத் திரும்பி வந்தாக வேண்டும். வரும்போது விளக்கு எரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். கடனுக்கு இருக்கும் இந்தக் கட்டாயமே அதன் சிறப்பு. ஆராய்ச்சியின் பயன் எளியோரின் வீட்டில் நிலைத்திருக்க வேண்டுமானால், இவ்வாறு திரும்பி வருபவர்கள் பெருக வேண்டும். அவர்களுள் நம் வங்கியின் அலுவலர்களும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.